நிலை நான்கு

கம்பூட் என்று பெயர் வைத்தோம்.
குட்டியாக வந்த வாரம் அவன் தின்றது அதைத்தான்,
இடது கால் மட்டும்.

நாயோடு அந்தக் காட்டுக்குள் போகச் சான்றிதழ் வேண்டும்.
அதற்காக ஒரு சனிக்கிழமை
ஃபாங்கரேயிலிருந்து சரளைப் பாதையில் நாற்பது நிமிடம்.
பின்சீட்டில் அவன்.
முன்சீட்டில் என் தங்கை ப்ரோனா,
வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்.

எருவேரா குளிர்பெட்டியைத் திறந்தார்.
உறைந்த கிவி ஒன்று, அலகில் துணி சுற்றி.
தூங்குகிறவர் கையைப் போர்வைக்குள் வைப்பதுபோல்
அதைப் பெரணிக்கடியில் வைத்தார்.
பிறகு கம்பூட்டின் கழுத்தில் பட்டையை மாட்டி,
மயிரை விலக்கி,
இரண்டு முனைகளும் தோலைத் தொடுகின்றனவா
என்று விரலால் பார்த்தார்.

"ஷாக்" என்றாள் ப்ரோனா.
"தூண்டல்" என்றார்.
"உங்கள் மகளுக்கும் இப்படித்தான் கற்றுக்கொடுத்தீர்களா?"
"என் மகள் இதுவரை கிவியைக் கொன்றதில்லை."

அவர் சொன்னது:
பறக்காத பறவை, நெஞ்சுக்குக் காவலாக எலும்பு போதாது.
நாய் கடிக்க வேண்டாம்,
விளையாட்டாகக் கவ்வினால் போதும்,
நனைந்த தீப்பெட்டி மாதிரி உள்ளே நொறுங்கிவிடும்.
வெளியே ஒரு சொட்டு ரத்தம் இருக்காது.

அவள் சொன்னது:
ஈரல் துண்டு, விசில், ஆறு மாதம்.
தப்பை அடிக்காதே, சரியைக் கூப்பிடு.
வலிக்குப் பயந்தவன்
வலி இருக்கும்வரைதான் பயப்படுவான்.

எனக்கு இருவர் சொன்னதும் சரியாகப் பட்டது.
கயிறு என் கையில் இருந்தது.

கம்பூட் மூக்கைத் தூக்கினான்.
காளான் வாசம், மக்கிய இலை வாசம்.
வால் சுழன்றது, பின்னுடம்பையும் சேர்த்துச் சுழற்றியது.
அவ்வளவு மரியாதையாகக் குனிந்தான்.

நிலை நான்கு.

நான்கு வருடத்தில் நான் கேட்டிராத சத்தம்.
குரைப்பில்லை, ஊளையில்லை.
கதவிடுக்கில் விரல் மாட்டியவர் வாயில் வரும்
முதல் எழுத்து.
ஓடினான்.
காட்டுக்கும் இல்லை, காருக்கும் இல்லை.
என்னிடம்.
என் முழங்காலுக்கு நடுவே தலையைச் செருகிக்கொண்டான்,
அங்கே கூட்டிவந்தது யார் என்று தெரியாமல்.

சான்றிதழ் ஒரு வருடம் செல்லும்.

அதன் பிறகு கிவி இருக்கும் பக்கம் அவன் போனதில்லை.
நான் வெண்ணெயில் காளான் வதக்கினால்
எழுந்து வெளியே போய்விடுவான்,
வாசம் அடங்கும்வரை மழையில் நிற்பான்.
இதை நான் எருவேராவிடம் சொல்லவில்லை.
ப்ரோனாவிடமும்.

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை அவள் போன் செய்தாள்.
டோஃபி வாசலில் எதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறான்.
டோஃபி ஈரலில் வளர்ந்தவன்,
பதினொரு சொல் தெரிந்தவன்,
அதட்டலே கேட்டிராதவன்.
"தூங்குகிற மாதிரி இருக்கிறது" என்றாள்.
"எங்கேயும் காயமே இல்லை."
அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன்.
நான் சொல்வேன் என்று அவளும்.

அவளுடைய பச்சைக் கம்பளிச் சட்டையில் சுற்றி எடுத்துப்போனோம்.
கம்பூட்டை வீட்டில் விட்டிருக்க வேண்டும், தோன்றவில்லை.
எருவேரா இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு
தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார்,
பறவையிடம், எங்களிடம் அல்ல.
பிறகு, சற்றுத் தயங்கி:
"பழையதில் வாசம் போய்விட்டது.
அனுமதி கேட்டு இதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளட்டுமா?"

"நான் இன்னமும் அதை ஷாக் என்றுதான் சொல்வேன்" என்றாள் ப்ரோனா.
"சொல்லுங்கள்" என்றார்.

திரும்பும்போது வெறும் சட்டை பின்சீட்டில் கிடந்தது.
கம்பூட் எதிர்க் கதவோடு ஒட்டிக்கொண்டு
நடுங்கினான்.
பாதி வழியில் காரை நிறுத்தச் சொன்னாள்.
பின்னால் போய்
சட்டைக்கும் அவனுக்கும் நடுவே உட்கார்ந்தாள்.
பட்டை இருந்த இடத்தில், வெறும் மயிரில்,
கையை வைத்தாள்.
அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.